திறவுகோல் யார் கையில்?

தமிழாசிரியனுக்குக் கடல் கடந்த கணினியோடு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவலாம். வினா தக்கதே. நம் கல்லூரியின் பழைய மலர்களையும் ஆண்டறிக்கைகளையும் படியெடுத்துக் காக்கும் பணி தொடங்கியபோது, மங்கிய எழுத்தைப் படித்துப் பெயர்ப்பட்டியல் செய்யும் பொறுப்பு என்பால் வந்தது. அப்படிகள் இருப்பதோ வெளிநாட்டில், பழைய மாணவர் வாடகை செலுத்தும் ஒரு சேவையகக் கணினியில். அங்கே ஒரு கோப்பை வைக்கவோ பெயர் மாற்றவோ வேண்டின், இத்தீவிலிருந்தே அதனுள் நுழைதல் வேண்டும். அதற்குரிய வழியே எஸ்.எஸ்.எச். என்பது. அவ்வழியிற் செல்ல எந்தச் செயலியைத் தெரிவது என்பதுபற்றி ஆசிரியர் அறையில் நிகழ்ந்த வாதங்கள் பல. அவற்றிற் கலந்துகொண்டவன் என்ற முறையில் என் கருத்தை ஈண்டு உரைக்கின்றேன்.

இஃது அற்ப விடயமன்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. ஒரே படியை ஒரே இடத்தில் வைத்திருப்பதன் ஆபத்தை அன்று கண்டோம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 முதல் ஈழத்து நூல்களையும் பாடசாலை மலர்களையும் இணையத்திற் காத்துவரும் நூலகம் திட்டமும் நமக்கு வழிகாட்டிகள். ஆயினும், தொலைவில் வைத்த செல்வம் தொலைவில் இருப்பதனாலேயே காவலுடையதாகிவிடாது. அதனை அழிக்கத் தீ வேண்டியதில்லை. திறவுகோல் பிறர் கையிற் சிக்கினாற் போதும்.

துறைக்குக் காவல் வேண்டும் என்பது தீவகத்தார்க்குப் புதிய பாடமன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு இட்ட கட்டளையாகக் கொள்ளப்படுவது. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும் என்றும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்றும், மரக்கலம் உடைந்தாற் பொருளில் அரசுக்கு எத்தனை பங்கு, உடையவனுக்கு எத்தனை பங்கு என்றும் அது வரையறுக்கின்றது. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. கணினிக்கும் எண்ணிட்ட துறைகள் உண்டு, எஸ்.எஸ்.எச். வழிக்கு வழக்கமாக உரியது 22ஆம் துறை. ஆங்கும் யார் வரலாம் என்ற விதி எழுதப்படல் வேண்டும்.

முன்னர் வழங்கிய ‘ரெல்நெற்’ என்னும் முறையிற் கடவுச்சொல் மறைப்பின்றியே சென்றது. வழியில் நின்று கேட்பவன் எவனும் அதனைக் கவரலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் அத்தகைய களவு நிகழ்ந்தமையே 1995இல் தத்து யூலொனென் என்பார் எஸ்.எஸ்.எச். முறையை ஆக்கக் காரணமாயிற்று. 1999இல் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எச்.’ எவரும் ஆராயத்தக்க மூலநிரலோடு வெளிவந்தது. அதே ஆண்டில் வின்டோஸ் கணினிக்கென வந்த ‘பட்டி’ என்னும் சிறு செயலி நெடுங்காலம் நன்கு உழைத்தது.

இன்று தெரிவுகள் பெருகிவிட்டன. ‘டெர்மியஸ்’ போன்ற புதிய செயலிகள் கண்ணுக்கினிய திரையுடையன. சந்தா செலுத்தின், கணினியிலும் கைபேசியிலும் ஒரே பட்டியலை ஒத்திசைத்துத் தருவன. எம் இளைய ஆசிரியர் பலர் இவற்றையே விரும்பினர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. எளிதாகப் பழகத்தக்க கருவியே நாள்தோறும் பயன்படும். ஆனால், அவ்வசதியின் பொருட்டு நம் வாயில்களின் விபரம் பிறர் களஞ்சியத்திற் சென்று தங்குகின்றது. மறைகுறியாக்கியே வைப்பதாக அந்நிறுவனங்கள் கூறுகின்றன. அதனை நான் மறுக்கவில்லை. எனினும், சந்தா நின்றாலோ நிறுவனம் கைமாறினாலோ நிலை யாது என்று ஒரு பொதுத் தாபனம் எண்ணிப் பார்த்தல் கடன்.

ஆதலின் என் முடிபு இது: கணினியோடு கூடவே வரும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். நமக்குப் போதும். லினக்ஸ், மக் கணினிகளில் அது முன்னரே உண்டு. வின்டோஸ் 10இல் 2018 முதல் உடன்வருகின்றது. பணம் இல்லை, கண்ட இடத்திலிருந்து பதிவிறக்கி, போலியை வாங்கி ஏமாறும் அச்சமும் இல்லை. இன்று கற்கும் மாணவன் நாளை எந்நாட்டிற் பணிபுரியினும் அதே கட்டளைகளே உதவும்.

நம் தீவுகளின் இணைப்பு மாரியில் அடிக்கடி அறுவது. அதற்கு இரு துணைகள் உள. சேவையகத்தில் ‘ரீமக்ஸ்’ என்பதனை இயக்கி அதனுள் வேலையைத் தொடக்கின், இணைப்பு அறுந்தாலும் ஆங்குள்ள வேலை நிற்காது. குறிகட்டுவானிற் படகு நின்றதென்று நெடுந்தீவில் உழவு நிற்பதில்லை அன்றோ? 2012இல் வந்த ‘மொஷ்’, எஸ்.எஸ்.எச். வழியே உள்நுழைந்தபின், இணைப்பு விட்டு வந்தாலும் அமர்வைத் தொடரவல்லது. ஆயின் சேவையகத்திலும் அதனை நிறுவவேண்டும். கோப்புகளை அனுப்ப அது பயன்படாது.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு குறிப்பு. இத்தகைய முனையத் திரைகள் பலவற்றில் தமிழ் எழுத்துச் சிதைந்தே தோன்றும்; கொம்பு ஒருபுறம், அரவு ஒருபுறமாக நிற்கும். கோப்புக்குக் கேடில்லை, காட்சியே பிழை. எனவே கோப்புப் பெயரை எண்ணாலும் ஆண்டாலும் அமைத்து, தமிழ்த் தலைப்பைப் பட்டியலில் எழுதுதலே நன்று.

கருவி எதுவாயினும் விழிப்பு வேண்டும். 2024இல் பட்டியிற் குறிப்பிட்ட ஒருவகைத் திறவுகோல் ஏறத்தாழ அறுபது கையொப்பங்களிலிருந்து கணிக்கத்தக்கதாயிருந்தமை வெளிப்பட்டது. ஆக்கியோர் அதனை ஒளிக்காது அறிவித்துத் திருத்தினர். திருத்திய பதிப்பை எடுத்து, பழைய திறவுகோலை விலக்குதல் பயன்படுத்துவோர் கடமையாயிற்று. என் பிழையொன்றையும் சொல்கின்றேன். சேவையகத்தின் அடையாளம் மாறியதென்று திரை எச்சரித்தபோது, அவசரத்தில் அதனைப் பொருட்படுத்தாது பழைய அடையாளத்தை அழித்து உட்சென்றேன். அன்று கேடு நேரவில்லை. சேவையகம் புதுப்பிக்கப்பட்டதே காரணம் எனப் பின்னர் அறிந்தேன். ஆயினும் முகம் பாராது கதவு திறந்தவன் ஆனேன்.

எல்லாவற்றிலும் பெரிது ஒன்றுண்டு. நான் அறிந்த ஒரு மன்றத்திற் கடவுச்சொல் ஒருவரிடமே இருந்தது. அவர் வெளிநாடு சென்றார், முகவரியும் மாறிற்று. பல்லாண்டு உழைப்பு கண்முன் இருந்தும் கைக்கு எட்டவில்லை. எஸ்.எஸ்.எச். முறையில் இதற்கு மாற்று எளிது. ஒவ்வொருவரும் தமக்கெனத் தனித்தனித் திறவுகோற் சோடி ஆக்கி, இரகசியப் பாதியை இரகசியத் தொடரால் மூடித் தம்மிடமே வைத்திருக்கலாம். பகிரங்கப் பாதி மட்டும் சேவையகத்திற் பதியப்படும். ஒருவர் விலகின் அவருக்குரிய ஒரு வரியை நீக்கினாற் போதும், ஏனையோர்க்கு இடையூறில்லை.

எனவே பழைய மாணவர் சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் இது. எந்தச் செயலி அழகியது என்னும் வாதத்தை இளைஞர்க்கு விடுவோம். அடுத்த பொதுக்கூட்டத்தில், திறவுகோல் உடையோர் யார் யார் என்னும் பட்டியல் அறிக்கைப் புத்தகத்திற் பதியப்படுக. இங்கே இருவர், அங்கே இருவராயினும் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் அப்பட்டியல் வாசித்துத் திருத்தப்படுதல் வேண்டும். காணிக்கும் கட்டடத்துக்கும் உறுதி எழுதி வைக்கும் நாம், நம் நினைவுகள் உறையும் வீட்டின் திறவுகோலுக்கு ஒரு வரியாவது எழுதி வைத்தல் ஆகாதோ?