இரண்டு பக்கமும் பூஜ்யம்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ‘பட்ஜெட்’ ஃபைல். வீட்டு லேப்டாப்பில் இன்னொன்று. எது லேட்டஸ்ட்? ‘ஃபைனல்’, ‘ஃபைனல்-2’, ‘நிஜமான ஃபைனல்’ என்று பெயர் வைத்துக் காலம் தள்ளுகிறவரா நீங்கள்? உட்காருங்கள், கொஞ்சம் பேசுவோம்.

1996-ல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இரண்டு பேர் இதற்கு ஒரு புரோகிராம் எழுதி வெளியிட்டார்கள். பெயர் ‘ஆர்சிங்க்’. இலவசம். லினக்ஸ்காரர்கள் இன்றைக்கும் கும்பிடுகிற சாமி.

மோடம் ஆமை வேகத்தில் நகர்ந்த காலம் அது. முழு ஃபைலையும் அனுப்பாமல், மாறிய இடத்தை மட்டும் அனுப்ப வேண்டும். ஆனால் ஃபைல்கள் இரண்டும் இரண்டு ஊரில். மாறியது எது என்று எப்படித் தெரியும்?

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சுலபம். ஹெட் ஆபீஸிலும் மதுரைக் கிளையிலும் ஒரே லெட்ஜர். போனில் முழுசையும் படித்துக் காட்டுவீர்களா? பக்கக் கூட்டல் போதும்.

“பக்கம் 17, கூட்டல் 42,310. சரியா?”

“சரி சார்.”

“பக்கம் 18, 9,875.”

“இடிக்குதே சார்!”

அந்த ஒரு பக்கத்தை அனுப்பினால் முடிந்தது. ஆர்சிங்க்கும் ஃபைலைத் துண்டு போட்டு, துண்டுக்கு இரண்டு கூட்டல் போடுகிறது: அவசரக் கூட்டல் ஒன்று, கறார் கூட்டல் ஒன்று. நடுவில் ஒரு வரி நுழைந்து எல்லாம் தள்ளிப் போனாலும், அவசரக் கூட்டலை எழுத்து எழுத்தாக நகர்த்திப் பார்த்துப் பழைய துண்டைக் கண்டுபிடித்துவிடும். புதுப் பிரதியை வேறு பெயரில் எழுதி முடித்த பிறகுதான் பழசின் இடத்தில் வைக்கும். பாதியில் கரண்ட் போனாலும் பழசு பத்திரம்.

இவ்வளவு புத்திசாலிக்கு ஒன்று மட்டும் தெரியாது: எந்தப் பக்கம் சரி?

‘டெலீட்’ என்று ஒரு ஆப்ஷன் உண்டு. இங்கே இல்லாததை அங்கேயும் அழித்துவிடும். எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை மாட்ட மறந்துவிட்டீர்கள், அது வந்து உட்கார வேண்டிய ஃபோல்டர் காலி என்று வையுங்கள். ஆர்சிங்க் அங்கேயும் காலி செய்துவிட்டு, சொன்னதைச் செய்த திருப்தியோடு நிற்கும். ஐந்து வருஷ வவுச்சர், மகளின் முதல் பிறந்த நாள் போட்டோ எல்லாம் போயே போச்சு.

ஆகவே மூன்று காரியம். ஒன்று: முதலில் ‘மைனஸ் என்’, ‘மைனஸ் வி’ சேர்த்து ஓட்டுங்கள். எதையும் தொடாமல், எதை அனுப்பும், எதை அழிக்கும் என்று லிஸ்ட் மட்டும் வாசிக்கும். பொறுமையாகப் படியுங்கள். இரண்டு: ‘பேக்கப்’ ஆப்ஷனில் வேறு ஃபோல்டரைக் காட்டுங்கள். அழிய வேண்டியது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று: இந்த விளையாட்டிலேயே சேராத ஒரு பிரதி, தனி டிஸ்க்கில், பீரோவுக்குள் தூங்கட்டும். சிங்க் வேறு, பேக்கப் வேறு.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. இது பி.காம். முதல் வருஷப் பாடம். இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றாலும் டேலி ஆகும் ஸ்வாமி!