ஆவிக்கு ஓர் அறை

பேய்க் கதை எழுதுகிறவர்கள் மீது எனக்கு விரோதம் கிடையாது. நானும் கதை எழுதிப் பிழைக்கிறவன்தான். ஆனால் முசௌரியில் இருக்கும் சவாய் ஹோட்டலைப் பற்றிச் சொல்லுகிறார்களே ஒரு கதை, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நள்ளிரவில் வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி தாழ்வாரங்களில் உலாவுகிறாளாம்; தனக்கு விஷம் வைத்தது யார் என்று தேடுகிறாளாம். "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டால், பார்த்தவரைத் தெரிந்த ஒருவரைத் தமக்குத் தெரியும் என்பார்கள்!

சீமாட்டி கற்பனை அல்ல, அதுதான் சங்கடம். பிரான்சிஸ் கார்னெட்-ஆர்ம் என்று பெயர். 1911-ம் வருஷம் அந்த ஹோட்டல் அறையில் பிணமாகக் கிடந்தாள். சாவுக்குக் காரணம் பிரஸ்ஸிக் அமிலம் என்ற கொடிய விஷம். அவளோடு வந்து தங்கிய சிநேகிதி ஈவா மவுண்ட்ஸ்டீபன் முன்னதாகவே லக்னோவுக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள். ஆவிகளோடு பேசுவதில் இருவருக்கும் ஈடுபாடு உண்டு. போதாதா? ஈவாவின் மேல் கொலை வழக்குப் போட்டார்கள். அலகாபாத்தில் விசாரணை நடந்தது. குற்றம் ருசுவாகவில்லை என்று விடுதலை செய்தார்கள்.

கோர்ட்டு விட்டது, கதைக்காரர்கள் விடவில்லை. அகதா கிறிஸ்டி 1920-ல் வெளியிட்ட முதல் நாவலுக்கே இந்தச் சாவுதான் மூலம் என்று ஒரு வாலையும் சேர்த்து ஒட்டினார்கள். அந்த நாவலில் வரும் விஷம் பிரஸ்ஸிக் அமிலம் அல்ல, ஸ்ட்ரிக்னைன். மருந்துச் சீசாவில் புரோமைடைப் போட்டால் விஷம் அடியில் படிந்து கடைசி வேளையில் மொத்தமாக இறங்கும் என்பது அதன் சூட்சுமம். முதல் உலக யுத்தத்தின்போது ஆஸ்பத்திரி மருந்துச்சாலையில் வேலை பார்த்த பெண்மணிக்கு இதைத் தெரிந்துகொள்ள முசௌரி மலை ஏறவேண்டிய அவசியம் என்ன?

இன்னொன்றும் கேட்கிறேன். 1902-ல் திறந்த மாளிகை அது. பியானோ, பில்லியர்ட்ஸ் மேஜை, மதுப் பீப்பாய் எல்லாம் மாட்டு வண்டிகளில் மலை ஏறி வந்தவை. அந்த வண்டிக்காரர்களில் ஒருவனாவது ஆவியாக வந்ததாகக் கதை உண்டா? ஆவியாக வருவதற்கும் முதல் வகுப்பு டிக்கெட் வேண்டும் போலிருக்கிறது.

அதே ஹோட்டலில் 1920-ல் ஜவாஹர்லால் நேரு தாயாரையும் மனைவியையும் உடல்நலத்துக்காக அழைத்து வந்து தங்கியிருந்தார். சமாதானப் பேச்சுக்காக வந்த ஆப்கானியத் தூதர்களும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களோடு நேரு ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஆனாலும், அவர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளமாட்டேன் என்று வாக்குறுதி கொடுக்கும்படி சர்க்கார் கேட்டது. அவர் மறுத்தார். உடனே ஜில்லாவை விட்டே வெளியேற்றினார்கள். இது ரத்தமும் சதையுமாக நடந்த கதை. பேய் இல்லாததால் சொல்ல ஆளில்லை.

போகட்டும். பேய்க் கதையே வேண்டுமென்றால் தாராளமாகச் சொல்லுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சொல்லும்போது ஈவா மவுண்ட்ஸ்டீபன் விடுதலையானவள் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அதனால் கதை சப்பென்று போய்விடுகிறது என்றால், அதற்கு அவள் என்ன செய்வாள்?