மீட்டால் மட்டும் போதுமா?



வானம் பார்த்த கரிசல் பூமி நம்முடையது. கழுகுமலைப் பக்கத்தில் தண்ணீர் என்றால் கிணறும் ஊருணியும் கண்மாயுந்தான். இங்கே நீரில் மூழ்கும் ஆபத்தா என்று சிலர் வியக்கலாம். ஆனால் நீச்சல் அறியாதவர்க்கு ஓர் ஆள் ஆழமே போதும்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருச் சிறுவன் ஒருவன் கிணற்றில் வழுக்கி விழுந்தான். மீட்டவர்கள் அவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார்கள், வயிற்றை அமுக்கினார்கள். அவன் இருமிக் கண் விழித்ததும், "சாமி காப்பாற்றியது" என்று வீட்டுக்குக் கொண்டு சென்றோம். இரவில் மூச்சுத் திணறியது. உதடு நீலம் பாரித்தது. கோவில்பட்டிக்கு ஓடினார்கள். மூன்று நாள் பிராணவாயு கொடுத்த பிறகே பிழைத்தான்.

கரையேறிய பிறகும் ஏன் இந்த நிலை? நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவை ஒட்டிக்கொள்ளாமல் ஒரு மெல்லிய படலம் காக்கிறது. சிறிதளவு நீர் புகுந்தாலும் அப்படலம் கெடுகிறது. அறைகள் சுருங்குகின்றன, இரத்தக் குழாய்களிலிருந்தும் நீர் கசிகிறது. இரத்தம் ஓடுகிறது, பிராணவாயு கிடைப்பதில்லை. இது சில மணி நேரத்தில் முற்றக்கூடும். கலங்கல் நீரின் சேறும் கிருமிகளும் நிமோனியாவைத் தரலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தப்பியவர்கள் சிலரும் இவ்வாறு துன்புற்றனர்.

நீரில் மூழ்கி மூச்சு பாதிக்கப்படுவதே 'மூழ்குதல்'. இறந்தால்தான் மூழ்குதல் என்பதில்லை என 2002இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் வரையறுத்தனர். நாமோ கண் விழித்ததும் ஆபத்து நீங்கியதாக எண்ணுகிறோம்.

தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு என்பேன். வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் போகும். பொன்னான நிமிடங்களும் வீணாகும். பிராணவாயு இன்றிச் சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும். எனவே மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சில்லையெனில் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு மார்பை அழுத்த வேண்டும். உடனே 108ஐ அழைக்க வேண்டும். எழுந்து நடந்தாலும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும்.

இன்னொன்று. "பொம்பளப்பிள்ளைக்கு நீச்சல் எதுக்கு?" என்கிறார்கள். குடத்தோடும் துணி மூட்டையோடும் நீர்க்கரைக்குப் போவது யார்? நாம்தானே! பெற்றோர்களே, சிந்தியுங்கள்.

ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. 2021இல் அறிவித்தது. ஆண்டுதோறும் அன்று நம் பள்ளியில் இம்முதலுதவியைக் கற்பிக்க வேண்டுமெனச் சகோதரிகளைப் பணிவுடன் வேண்டுகிறேன். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகளுக்குச் சுவர் எழட்டும். நீந்தக் கற்போம், மூச்சுக் கொடுக்கவும் கற்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி