இல்லாமை வேறு, தேடாமை வேறு

பாசி என்றாற் சுரண்டி எறியவேண்டிய அழுக்கு என்பதே நம்மவர் எண்ணம். மதிலிற் படர்ந்தால் வீட்டுக்காரரைச் சோம்பேறி என்பர். நெடுந்தீவு போன்ற வறண்ட சுண்ணாம்புக்கல் தீவிலே ஒருவர் அதனைத் தேடி அலைந்தாற் சிரிக்கவுங் கூடும். ஆயினும் அத்தேடல் வீண்வேலையன்று.

பாசி என்னும் ஒரு சொல் பல குலங்களைச் சுமக்கின்றது. குறுந்தொகையிற் பரணர் பசலைக்கு உவமையாக்கியது கேணிநீரிற் படர்வது. கடற்பாசி இன்னொன்று. மதிலிலும் மண்ணிலும் பட்டுப்போற் படிவதோ தரைத்தாவரம். அதற்குப் பூவில்லை, விதையில்லை, உண்மையான வேருமில்லை. ஈரல்போன்ற மடல்களையுடைய ஈரற்பூண்டு அதன் உறவினம். இவ்விரண்டிலும் ஆணணு நீரில் நீந்தியே பெண்ணணுவை அடைதல் வேண்டும். மழையின்றேல் மகப்பேறில்லை.

அங்ஙனமாயின் ஆறில்லாத தீவில் இவை எங்ஙனம் பிழைக்கும்? காய்ந்து கிடந்து மீண்டும் உயிர்த்தல் இவற்றுட் பலவற்றின் இயல்பு. கோடையிற் சுருண்டு கருகியிருப்பவை நனைந்த சில நிமிடங்களில் விரிந்து பச்சையாகும். ரிக்சியா என்னும் ஈரற்பூண்டு மழைக்குப்பின் ஈரமண்ணிற் சிறு வட்டங்களாகத் தோன்றி, வெயிலேறக் கண்ணுக்குப் புலனாகாது மறையும். சுண்ணாம்பும் பகையன்று, சுண்ணக்கல்லையே விரும்பி வாழும் இனங்கள் பல உள. உப்புக்காற்றே பெரும்பகை. ஆதலின் கரையை விட்டு உள்ளே சென்று தேடுதல் வேண்டும். சாந்தின்றி அடுக்கிய கல்வேலிகளின் நிழற்பக்கம், நன்னீர்க் கிணற்றின் உட்சுவர், பழைய கோட்டையின் இடிபாடு, பெருக்குமரத்தின் அடி என்பன பார்க்கத்தக்க இடங்கள்.

1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவை நடத்திய துவைற்ஸ் என்பார் இலங்கைப் பாசிகளைத் திரட்டி, இங்கிலாந்திலிருந்த வில்லியம் மிற்றனோடு சேர்ந்து ஆராய்ந்தார். இன்று இந்நாட்டின் பட்டியலில் 500 இனங்களுக்கு மேல் உள. ஈரமலைகளை அறிஞர் நாடியது இயல்பே. ஆனால் அதனால் வடபுலத்தில் எண்ணத்தக்கது எதுவுமில்லை என்ற முடிவு வளர்ந்துவிடலாகாது. இல்லாமை வேறு, தேடாமை வேறு. வறட்சி, உப்பு ஆகிய இரண்டையும் வென்று நிற்பவை சிலவேயாயினும், அச்சிலவற்றின் பெயர்கள் தீவின் இயல்பை நமக்குச் சொல்லும்.

இத்தேடலை யார் செய்வது? பாசி விரியும் காலம் கார்த்திகையும் மார்கழியும். குறிகட்டுவானிலிருந்து புறப்படும் படகுகள் கடற்கொந்தளிப்பால் தடைப்படும் காலமும் அதுவே. வெளியூர் அறிஞர் கோடையில் வந்து கருகிய கல்லைக் கண்டு திரும்புவர். மழைநாளிற் கல்வேலியருகே நிற்பவர் தீவு மாணாக்கரே. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும், கண்ட இடமும் நாளும் குறித்த கடதாசி உறையும் அவர்க்குப் போதும். பெயரறியும் பணிக்கு, 1974 இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் துணைநிற்கலாம்.

கல்வேலியைப் பெயர்த்துச் சீமெந்து மதில் எழுப்புதல் ஒருநாள் வேலை. அக்கல்லிடுக்கில் வாழ்ந்தது யாதென அதன்பின் கேட்பதிற் பயனில்லை. ஆசிரியர்களே, வரும் மழைக்கு முன் உங்கள் மாணாக்கரிடம் அந்தக் கண்ணாடியைக் கொடுங்கள்.