கோல் காத்தவர்கள்



கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். அவருள் பதின்மர் ஓடுகின்றனர், ஒருவர் நிற்கின்றார். ஓடுகின்றவர் பந்தைத் தவறவிட்டால் அதைச் சரிசெய்யப் பின்னால் ஆள் உண்டு. நிற்கின்ற அந்த ஒருவர் தவறவிட்டாலோ, பின்னால் வலை மட்டுமே உண்டு. அவரே கோல் கீப்பர். தமிழறிந்தோர் இலக்குக் காவலர் என்பர். நம் பங்கின் சிறுவர்கள் சுருக்கமாகக் ‘கோலி’ என்கின்றனர்.

குருமடத்தில் பயின்ற நாள்களில் நாமும் அப்பதவியை வகித்தோம். திறமையினால் அன்று, உடற்பருமனால். ஓடச் சொன்னால் இரைக்கின்ற ஆளைக் கம்பங்களுக்கிடையே நிறுத்தினால் பாதி இடமாவது அடைபடுமே என்று அணித்தலைவர் கணக்கிட்டிருக்க வேண்டும். அதே நாள்களில் பாடகர் குழுவிலும் நமக்கு இடம் இருந்தது. இலத்தீன் கீதங்களின்போது உதடுகளை மட்டும் அசைத்தால் போதும் என்பது பாட்டுப் பயிற்சியாளரின் அன்புக் கட்டளை. விளையாட்டிலும் இசையிலும் நமக்குள்ள தகுதியை இந்நேரம் உணர்ந்திருப்பீர்கள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது கோல் காப்பவருக்குச் சிந்திக்க நிறைய நேரம் கிடைக்கும். அப்பழக்கம் நம்மை இன்னும் விடவில்லை.

நம்மைப்போல் கோல் காத்தவர்கள் பிற்காலத்தில் என்னவானார்கள் என்று அண்மையில் எண்ணிப் பார்த்தோம். வியப்பாக இருந்தது. ஒருவர் உலகப் புகழ்பெற்ற பாடகரானார். ஒருவர் எழுத்துக்காக நோபல் பரிசு பெற்றார். ஒருவர் உரோமைக்கே தலைவரானார். கோலைக் காத்தவர் கைகளில் வேறு வேறு கோல்களைக் கொடுத்து இறைவன் அனுப்பியிருக்கிறார் என்றே தோன்றியது.

முதலில் பாடகரைப் பார்ப்போம். இத்தாலி நாட்டின் மொடேனா நகரில் 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 12-இல் பிறந்தவர் லுச்சானோ பவரோட்டி. தந்தை பெர்னாந்தோ ரொட்டி சுடுபவர். தாய் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தந்தைக்கு நல்ல குரல் இருந்தது. ஆனால் மேடை ஏறினால் நடுக்கம். எனவே பாட்டைத் தொழிலாக்கிக் கொள்ளாமல், பகலும் இரவும் ரொட்டி சுட்டு, கோவிலில் பாடி மனநிறைவு கொண்டார். மகனும் ஏறத்தாழ ஒன்பது வயதில் தந்தையோடு கோவில் பாடகர் குழுவில் சேர்ந்தான்.

ஆயினும் மகனின் ஆசை பாட்டில் இல்லை, பந்தில் இருந்தது. கால்பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு கோல் கீப்பர் ஆகிவிட வேண்டும் என்பதே அவரது கனவு. தாய் விடவில்லை. “ஆசிரியப் பயிற்சி பெறு” என்று இணங்க வைத்தார். (எந்த நாட்டுத் தாயாயினும் இவ்விடத்தில் ஒரே குரலில்தான் பாடுகிறார்!) தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் ஆசிரியப் பணி. அதன்பின் ஆயுள் காப்புறுதி விற்பனை. இடையில் 1955-இல் தந்தையும் மகனும் பாடிய மொடேனா பாடகர் குழு, வேல்ஸ் நாட்டின் லாங்கொலன் இசைவிழாவில் முதற்பரிசு பெற்றது. தாம் பாடகராக வேண்டும் என்ற உறுதி தமக்கு அங்கேதான் பிறந்தது என்று பவரோட்டி பின்னாளில் கூறினார்.

இப்போது பெற்றோர் என்ன செய்தனர் என்பதே நமக்கு முக்கியம். தந்தைக்கு மனம் இல்லை. பாட்டை நம்பி வாழ்வது எவ்வளவு ஆபத்து என்று பாடகராகிய அவருக்குத் தெரியாதா? எனினும் வீட்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மகனுக்கு முப்பது வயது ஆகும்வரை உணவும் உறைவிடமும் இலவசம். அதற்குள் பாட்டினால் முன்னேறாவிடில், எவ்வழியிலாவது உழைத்துத் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவுதான். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. ஒரு தட்டு உணவு, ஒரு கட்டில், ஒரு நாள் குறிப்பு. மொடேனாவில் அர்ரிகோ போலா என்ற பாடகர் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தார். முதல் ஆறு ஆண்டுகளில் கிடைத்த பலன், சிற்றூர்களில் ஊதியமில்லாமல் பாடிய சில கச்சேரிகள் மட்டுமே. குரல்நாணில் சிறு முடிச்சு வேறு தோன்றியது. பெராரா நகரில் பாடிய கச்சேரி படுதோல்வி. “இனிப் பாட்டு வேண்டாம்” என்று முடிவே செய்துவிட்டார். முடிவு செய்து மனம் இலேசானதும் முடிச்சு மறைந்தது. குரல் முன்னினும் நன்றாகத் திரும்பி வந்தது. 1961 ஏப்ரல் 29 அன்று ரெஜ்ஜோ எமிலியா நகரில் புச்சினியின் ‘லா போயம்’ இசைநாடகத்தில் முதன்முதலாக மேடையேறினார். அப்போது வயது இருபத்தைந்து. ரொட்டிக்காரத் தந்தையின் தவணையில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் மீதமிருந்தது.

கால்பந்து அவரைக் கைவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 1990-இல் இத்தாலியில் உலகக் கோப்பைப் போட்டிகள் நடந்தபோது, புச்சினியின் ‘துராந்தோ’விலிருந்து அவர் பாடிய ஒரு பாடலைப் பிரித்தானிய வானொலி தொலைக்காட்சிக் கழகம் தன் ஒளிபரப்பின் அடையாள இசையாக்கியது. இசைநாடகம் என்றால் என்னவென்றே அறியாத ஆட்டப் பிரியர்களும் அதை முணுமுணுத்தனர். இறுதி ஆட்டத்திற்கு முந்தின நாள், ஜூலை 7 அன்று, உரோமையின் பழைய கரகல்லா நீராடுதுறை இடிபாடுகளில் பவரோட்டி, பிளாசிதோ தொமிங்கோ, ஹொசே கரேராஸ் ஆகிய மூவரும் சேர்ந்து பாடினர். கரேராஸ் கொடிய இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். களத்திற்குள் போக முடியாத கோல் கீப்பர், தம் குரலால் போய்ச் சேர்ந்துவிட்டார்!

அன்று அந்த மூவரையும் வழிநடத்திய இசைக்கோல் யார் கையில் இருந்தது? மும்பையில் 1936-இல் பிறந்த சூபின் மேத்தாவின் கையில். அவரும் தடம் மாறியவரே. மும்பையில் மருத்துவப் படிப்பைத் தொடங்கி, இடையில் விட்டு, பதினெட்டு வயதில் இசை பயில வியன்னாவுக்குக் கப்பலேறியவர். தந்தை மேலி மேத்தா வயலின் கலைஞர். மும்பையில் சிம்பனி இசைக்குழுவை நிறுவியவர். இசைக்குடும்பத்திலேயே பிள்ளையை மருத்துவத்திற்கு அனுப்பினர் என்றால், நம் வீடுகளைக் குறை சொல்லி என்ன பயன்?

விரும்பித் தடம் மாறியவர்கள் இவர்கள். விரும்பாமலே மாற நேர்ந்தவர்களும் உண்டு.

அல்ஜீரியாவில் 1913-இல் பிறந்த ஆல்பெர் கமுய் தந்தையை உலகப் போரில் இழந்த ஏழைப் பிள்ளை. தாய் வீட்டு வேலை செய்து காப்பாற்றினார். அவர் கோல் காத்ததற்கு ஒரு வேடிக்கையான காரணத்தை உருகுவே நாட்டு எழுத்தாளர் எடுவார்டோ கலேயானோ எழுதியிருக்கிறார். ஓடி ஆடினால் காலணி தேயும். ஒவ்வோர் இரவும் பாட்டி காலணியின் அடியைத் திருப்பிப் பார்ப்பாராம். தேய்ந்திருந்தால் அடி விழுமாம்! ஓடாமல் நிற்பதற்கு உகந்த இடம் கோல்தானே? பின்னர் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகச் சங்கத்தின் இளையோர் அணியிலும் கோல் காத்தார். பதினேழு வயதில் காசநோய் வந்தது, ஆட்டம் நின்றது. எழுதுகோலை எடுத்தார். 1957-இல் நோபல் பரிசு பெற்றதும் தம் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். நம் விசுவாசத்தை அவர் ஏற்றவர் அல்லர். ஆயினும் அந்த நன்றியுணர்வு நம்முள் பலருக்கும் பாடம்.

ஸ்பெயின் நாட்டு ஹூலியோ இக்லேசியாஸ், ரியல் மாட்ரிட் சங்கத்தின் இளையோர் அணியில் கோல் காத்தவர், சட்டமும் பயின்றவர். 1963-இல் இருபது வயது நிரம்பும் வேளையில் கார் விபத்து. நெடுங்காலம் நடக்க இயலவில்லை. மருத்துவமனைப் பணியாளர் ஒருவர், கை விரல்களுக்குப் பயிற்சியாகட்டும் என்று ஒரு கித்தாரைக் கொடுத்தார். படுக்கையில் பொழுதுபோக்காகத் தொடங்கிய மீட்டல் பாட்டாயிற்று. 1968-இல் பெனிடோர்ம் பாட்டுப் போட்டியில் முதற்பரிசு. பின்னர் உலகெங்கும் புகழ். கோல் போனது, ஊன்றுகோல் வந்தது. அதன்பின்னரே பாட்டு வந்தது. கித்தார் கொடுத்தவர் ஒரு பாடகரை உருவாக்க எண்ணவில்லை. நோயாளியின் நீண்ட பகலைக் குறைக்கவே எண்ணினார். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் நம் பங்கு அன்பர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வேறு எதையேனும் எடுத்துச் செல்லலாம் என்று இதனால் தோன்றுகிறது.

இனி, அழைக்கப்பட்டு மாறியவர். போலந்து நாட்டின் வதோவிச்சே ஊரில் 1920-இல் பிறந்த கரோல் வொய்த்திவா பள்ளிச் சிறுவர்களின் ஆட்டங்களில் கோல் காத்தார். கத்தோலிக்கச் சிறுவர் ஒருபுறமும் யூதச் சிறுவர் மறுபுறமும் ஆடும்போது, யூத அணிக்குக் காவலர் இல்லாவிடில் இவரே அங்கு போய் நிற்பதுண்டு. பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றார், நாடகம் நடித்தார். ஜெர்மானியப் படையெடுப்பினால் பல்கலைக்கழகம் மூடப்பட, கல்லுடைக்கும் சுரங்கத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் உழைத்தார். 1942-இல் மறைவாக நடந்த குருமடத்தில் சேர்ந்தார். 1946-இல் குருவானார். 1958-இல் தோழர்களோடு ஆற்றில் படகு வலித்துக்கொண்டிருந்தபோதுதான், துணை ஆயராக நியமிக்கப்பட்டதை அறிவிக்க வார்சாவிலிருந்து அழைப்பு வந்தது. 1978-இல் அவர் கையில் தந்தது ஆயனின் கோல். ஆம், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர்! 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த அவரைக் காணச் சென்ற மூத்தோர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

நடிகர், கல்லுடைப்பவர், ஆலைத்தொழிலாளி, குரு. இவற்றுள் எதுவும் வீணாகவில்லை என்பதைக் கவனியுங்கள். நாடகமேடையில் பழகிய குரல் பின்னர் இலட்சக்கணக்கானோர் முன் ஒலித்தது. தொழிலாளரைப் பற்றி அவர் எழுதியபோது அவர்தம் கைகளுக்கு அது தெரிந்த செய்தி.

இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த வேளையில் நம் அறைவீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. பொறியியல் படித்த மகன். நகரத்தில் நான்கு ஆண்டு வேலை. ஞாயிறு தவறாமல் கோவிலில் கீபோர்டு வாசிப்பவர். வேலையை விட்டு இசைக் கல்லூரியில் சேர விரும்புகிறார். “சாமி, வீட்டுக் கடன் இன்னும் முடியல. நீங்கதான் இவனுக்குப் புத்தி சொல்லணும்” என்றார் தந்தை. “ஃபாதர், இப்ப விட்டா அப்புறம் எப்பவுமே முடியாது” என்றார் மகன். தாய் ஒன்றும் பேசவில்லை.

நாம் புத்தி சொல்லவில்லை. ரொட்டிக்காரரின் கதையைச் சொன்னோம். தந்தை நெடுநேரம் கணக்குப் பார்த்தார். தாமே மூன்று ஆண்டு என்றார். சேமிப்பிலிருந்து மகன் கடனுக்குப் பாதி தருவது, மாலையில் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுத்து மீதியைத் தேடுவது, சாப்பாடும் கட்டிலும் வீட்டில் என்று முடிவாயிற்று. எழுந்து புறப்படும்போதுதான் தாய் வாய் திறந்தார்: “மூணு வருஷத்துல அவனால முடியலன்னு வைங்க. அன்னைக்கு இந்த வீட்டுல யாரும் சொல்லிக்காட்டக் கூடாது. அதையும் இப்பவே பேசிக்குங்க.”

பவரோட்டியின் வீட்டு உடன்படிக்கையில் இந்த விதி இருந்ததா என்று நாம் அறியோம். இருந்திருக்க வேண்டும். ஏனெனில் அவ்விதி இல்லாவிடில் முப்பது வயது என்பது தவணையாக இராது, தண்டனை நாளாகவே இருந்திருக்கும். அந்த இளைஞர் வெல்வாரா என்று நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. குரல் உள்ளவர் எல்லாரும் பவரோட்டி ஆவதில்லை. பெர்னாந்தோவும் நன்றாகவே பாடினார். ரொட்டி சுட்டே வாழ்ந்தார். அவ்வாழ்வு குறைந்த வாழ்வன்று. அடுப்படியிலும் பாடகர் குழுவிலும் அவர் விட்டுச்சென்ற பாட்டையே மகன் உலகெங்கும் எடுத்துச் சென்றார்.

எனவே, பெற்றோரே, உங்கள் பிள்ளை தடம் மாற வேண்டும் என்று வந்து நின்றால் உடனே கதவைச் சாத்தாதீர்கள். உடனே மாலை போடவும் வேண்டாம். உட்கார வைத்துக் கணக்குக் கேளுங்கள். ஒரு நாளைக் குறியுங்கள். அந்நாள்வரை தட்டில் சோறு இடுங்கள். இளைஞரே, அந்தச் சோற்றின் விலையை அறிந்து உழையுங்கள். வலையை விட்டு ஆண்டவரைப் பின்சென்ற இராயப்பருக்கும் அவர்தம் வீட்டில் மாமியாரின் பணிவிடை கிடைத்ததை நற்செய்தி நமக்குக் காட்டவில்லையா?

கோல் காப்பவருக்கு ஒரு கடமை உண்டு. வலைக்குள் போய்விட்ட பந்தை அவரே குனிந்து எடுத்து, நடுக்களத்திற்கு எறிய வேண்டும். ஆட்டம் அங்கிருந்து மறுபடி தொடங்கும். குடும்பத்தில் இந்தக் கடமை பெரும்பாலும் தாய்மாருக்கே வாய்த்திருக்கிறது. அவர்களை இறைவன் ஆசீர்வதிப்பாராக!

அடுத்த திங்கள் சந்திப்போம்.