கட்டணத்தில் நாம், களத்தில் யார்?

கல்லூரிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகளின் வரலாறு என்றாலே அது கோப்பைகளின் வரலாறு என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரி எந்த ஆண்டு ஜெயித்தது என்று பலகையில் எழுதி மாட்டுவார்கள். யார் ஓடினார்கள், யார் ஓட முடியாமல் போனார்கள் என்பது எந்தப் பலகையிலும் ஏறாது. தோழர்களே, ஏறாத அந்தக் கணக்கைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நம்ம சேலம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1997 வரை இங்கிருந்த கலைக்கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அதன் கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி, 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியாரின் பெயரைத் தாங்கியது. பல்கலைக்கழகமோ சுமார் 340 கிலோமீட்டர் தள்ளி. பஸ் காசு, சோத்துக் காசு, தங்க ஓர் இடம், இதெல்லாம் அன்று யார் கையில் இருந்தது?

1997ல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகள் இன்று அதன் கீழ் மோதுகின்றன. தேறுகிறவர்கள் பல்கலைக்கழக அணிக்கும், பிறகு தென்மண்டல, அகில இந்தியப் போட்டிகளுக்கும் போகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும்போது அந்தச் சான்றிதழ்தான் பேசும். ஆக, தூரம் குறைந்தது. சரி. ஆனால் ஜலகண்டாபுரம் பக்கத்துக் காலனியிலிருந்து காலை பஸ் பிடித்துப் போய், சாயங்காலம் தறிக்கோ கூலிக்கோ திரும்ப வேண்டிய பையன், நாலு மணிக்கு மேல் பயிற்சி என்றால் எப்படி நிற்பான்? பொம்பளப் புள்ளைக்குக் கடைசி பஸ் போயிடுச்சின்னா யாரு பொறுப்பு?

'திறமை இருந்தா தானா மேல வருவான்' என்பார்கள். சின்னப்பம்பட்டி நடராஜனைக் காட்டுவார்கள். தறிக்கூலியின் மகன் 2020ல் இந்திய அணிக்கு ஆடினார். அவரை வளர்த்தது ஊர்ப் பொட்டலில் ஆடிய டென்னிஸ் பந்து கிரிக்கெட். பெரியவடகம்பட்டி மாரியப்பனைக் காட்டுவார்கள். காய்கறி விற்ற தாயின் மகன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். நமக்கும் பெருமைதான். ஆனால் ரெண்டு பேர் தாண்டிட்டாங்கன்னா சுவரே இல்லைன்னு ஆயிடுமா?

அமெரிக்காவில் ஒரு வட்டாரத்துக் கல்லூரிகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடும். தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 1932ல் உருவானது. அதன் கூடைப்பந்துக் களத்தில் முதல் கறுப்பின வீரராகப் பெரி வாலஸ் இறங்கியது 1967ல். கறுப்பினக் கல்லூரிகளோ 1912லேயே தங்களுக்கெனத் தனிச் சங்கம் கட்டிக்கொண்டன. அங்கே கதவு சாத்தியிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே கதவு திறந்தே இருக்கு; அதுவரைக்கும் போற பாதைதான் நமக்கில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1944ல், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. அத்திட்டம் ஏற்கும் கட்டாயக் கட்டணங்களில் விளையாட்டுக் கட்டணமும் ஒன்று. அதாவது நம் பிள்ளைகளின் பெயரில் விளையாட்டுக்கும் பணம் உண்டு. வங்கி கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன். 'பணம் ஏறிடுச்சாண்ணா?' என்று பாஸ்புக்கை நீட்டும் பிள்ளைகள் பல மாதம் நடக்கிறார்கள். ஷூ வாங்க வேண்டிய காலம் போட்டியோடு போய்விடுகிறது.

நாம் கருணை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம். ஒவ்வொரு கல்லூரியும் தன் அணிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவ மாணவியர் எத்தனை பேர் என்று வெளியிடட்டும்; பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வசூலித்த விளையாட்டுக் கட்டணத்தையும் செலவையும் பக்கத்திலேயே போடட்டும். பயணப்படி போட்டிக்கு முன்பே கைக்கு வரட்டும். பயிற்சி நேரத்தை பஸ் நேரத்தோடு பொருத்தட்டும். ஆதிதிராவிடர் விடுதிகளில் ஒரு மைதானமும் பந்தும் இருக்கட்டும்.

2005ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. மாணவத் தோழர்கள் அவரவர் அரசுக் கல்லூரிக்கு ஒரு மனு எழுதுங்கள். வருகிற பதிலை, பதிலே வராவிட்டால் அதையும், இதழுக்கு அனுப்புங்கள்.