ராட்டினத்தின் கீழே நிற்பவர்கள்

ஆடி பிறந்துவிட்டால் சேலம் நகருக்குத் தனிக் களை வந்துவிடும். கோட்டை மாரியம்மன் திருவிழாவையொட்டித் தெருவெங்கும் மக்கள் வெள்ளம். மேட்டூர் அணைப் பூங்காவிலோ பதினெட்டாம் பெருக்கன்று கால் வைக்கவும் இடம் கிடைக்காது. இந்நாள்களை ஒட்டித்தான் பொருட்காட்சியும் கூடும். சமய வேறுபாடு பாராமல் எல்லாக் குடும்பத்தாரும் அங்கே செல்வர். காலையில் திருப்பலியின்போது பக்கத்து வரிசையில் இருந்தவரை மாலையில் மிளகாய் பஜ்ஜிக் கடையில் கண்டு, இருவரும் சற்றே நாணி நகைத்துக்கொள்வதும் உண்டு.

1990களின் தொடக்கத்தில், நாம் சிறுவயதினராய் இருந்தபோது, பொருட்காட்சி போஸ் மைதானத்தில் நடைபெற்றது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையொன்றில் நம் தந்தையார் வேலை பார்த்துவந்தார். ஆண்டுக்கு ஒருமுறை, சனிக்கிழமைக் கூலி கைக்கு வந்த மறுநாள், பிள்ளைகள் மூவரையும் தாயாரையும் பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அழைத்து வருவார். முறம் போன்ற டெல்லி அப்பளம், தட்டுவடை செட், மரணக் கிணற்றின் மரப்பலகைகள் அதிர அதிரச் சுற்றும் மோட்டார் சைக்கிள் என எத்தனையோ இருப்பினும், நம் கண்கள் முதலில் தேடுவது ராட்சத ராட்டினத்தையே.

தந்தையார் மட்டும் அதில் ஏறமாட்டார். "எனக்குத் தலை சுத்தும் கண்ணு, நீங்க போயிட்டு வாங்க" என்பார். எங்கள் மூவரின் செருப்புகளையும் கையில் பிடித்துக்கொண்டு ராட்டினத்தின் அருகே நின்றுகொள்வார். பெட்டி உச்சிக்குச் சென்று ஒரு கணம் நிற்கும். வடக்கே சேர்வராயன் மலை இருளாய்த் தெரியும். அதில் ஏறும் வண்டிகளின் விளக்குகள் மின்மினிபோல் ஊரும். பின்னர் வயிற்றைப் பிசைந்துகொண்டு கீழிறங்கும்போது நாம் மூவரும் கூவிக் கையசைப்போம். தரையில் அமர்ந்திருக்கும் தாயார் சிரித்துக்கொண்டே கையசைப்பார். தந்தையாரோ அசைக்கமாட்டார். புருவத்தைச் சுளித்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த சுற்றிலும் அப்படியே. செலவாகிவிட்டதே என்ற சினம் போலும் என்று எண்ணினோம். அச்சிறு மனத்தாங்கல் நெடுங்காலம் நெஞ்சில் தங்கியிருந்தது. இன்று அது வேடிக்கையாய்த் தோன்றலாம். ஒன்பது வயதில் அது வேடிக்கையன்று.

ஆடியில் வந்து ஆவணியில் அவிழ்த்துச் செல்லும் இந்த ராட்டினங்கள் ஓரிடத்தில் ஆண்டு முழுதும் நிலைத்துவிட்டால், அதற்குக் கேளிக்கைப் பூங்கா என்று பெயர். ராட்சத ராட்டினத்தின் மூதாதை, 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ உலகப் பொருட்காட்சியில் ஃபெரிஸ் என்னும் பொறியாளர் நிறுவிய சக்கரம். அதன் உயரம் 264 அடி, 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர் வரை ஏறலாம். நம் நாமக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் மக்கள் அனைவரையும் ஒரே சுற்றில் ஏற்றிவிடலாம்!

தமிழ்நாட்டிலே, தாம்பரம் அருகே 1995இல் கிஷ்கிந்தா திறக்கப்பட்டது. அதனை அமைத்தவர், 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன். குழந்தைகளுக்குப் படம் எடுத்தவரே குழந்தைகளுக்குப் பூங்காவும் அமைத்தது பொருத்தமே. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்து பிளாக் தண்டர், 2005இல் பெங்களூருக்கு அப்பால் பிடதியில் வந்த வொண்டர்லா ஆகியன, நம் பகுதிப் பள்ளிகளின் சுற்றுலாப் பேருந்துகள் நன்கறிந்த இடங்கள்.

இவை யாவற்றுக்கும் முன்னோடி எனத்தக்க டிஸ்னிலாந்து, 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் திறக்கப்பட்டது. அதன் பிறப்பைப் பற்றி வால்ட் டிஸ்னி கூறிய செய்தி நமக்கு மிகவும் பிடித்தமானது. ஓய்வு நாள்களில் தம் பெண்மக்கள் இருவரையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்கு அவர் அழைத்துச் செல்வாராம். பிள்ளைகள் குடை ராட்டினத்தில் சுற்றுவர். தந்தை ஓர் இருக்கையில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாய் மகிழ ஓர் இடம் வேண்டுமே என்று அப்போதுதான் தோன்றியதாம். உலகப் புகழ்பெற்ற அந்தப் பூங்காவின் வித்து, கீழே காத்திருந்த ஒரு தந்தையின் அலுப்பில் விழுந்திருக்கிறது! (அவருக்கு அமர இருக்கையாவது கிடைத்தது. நம் பொருட்காட்சிகளில் பெற்றோர் அமர ஒரு பலகையும் நிழலும் போதிய அளவில் அமைவதில்லை என்பது நம் நெடுநாளைய குறை.)

பெற்றோரான பின் முதன்முறை ஒரு பூங்காவுக்குச் சென்றபோது, இடம் பழையதாயினும் கண் புதியதாய் இருந்தது. சிறுவயதில் சுற்றுலா சென்றபோது, சென்னை வி.ஜி.பி. கடற்கரைப் பூங்காவின் வாயிலில் அசையாமல் நின்ற சிலை மனிதரைக் கண்டோம். அவரைச் சிரிக்கவைத்துவிட வேண்டுமென்று நாமும் தோழரும் காட்டாத முகக்கோணல் இல்லை. அண்மையில் நம் பிள்ளைகள் அதே வித்தையைப் பற்றிப் பேசிக் களித்தபோது, அந்த மனிதரின் கால்கள் நினைவுக்கு வந்தன. இத்தனை மணிநேரம் நின்றபின் வீடு சென்று அவர் யாரிடம் கால் வலிக்கிறது என்று சொல்லியிருப்பார்? பத்து வயதில் இக்கேள்வி நமக்கு எழவேயில்லை.

இவ்வாறே மற்றவையும். சறுக்கு மரத்தைக் கண்டால் முன்பு அதன் உயரம் தெரியும்; இப்போது அதன் அடியில் மணல் உண்டா என்பதே தெரிகிறது. நீர்க்குளத்தைக் கண்டால் ஆழம் எழுதிய பலகையைத் தேடுகிறோம். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போனால், விலங்குகளைக் காண்பதற்கு முன் குடிநீர்க் குழாய் எங்கே, கழிப்பறை எங்கே என்று கண்டுகொள்கிறோம். தலைகளை எண்ணுவதோ, மூச்சு விடுவதுபோல் தானே நடந்துகொண்டிருக்கிறது.

எண்ணிக்கை ஒருமுறை தவறிவிட்டது. பொருட்காட்சிக் கூட்டத்தில், பணப்பையைத் திறப்பதற்காக ஐந்து வயது மகனின் கையை விட்டோம். மூடிவிட்டுப் பார்த்தால் அவன் இல்லை. நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகியிராது. பஞ்சு மிட்டாய் இயந்திரத்தின் முன் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தான். அந்த நான்கு நிமிடத்தில் கேட்ட திரைப்பாடலை இன்றும் நம்மால் முழுதாய்க் கேட்க முடியவில்லை. எருசலேம் திருவிழாவுக்குச் சென்று, பன்னிரண்டு வயது மகன் கூட்டத்தாரோடு வருகிறான் என நம்பி, ஒரு நாள் பயணத்துக்குப் பின் அவன் இல்லை என்று கண்ட பெற்றோரின் பகுதி, சிறுவயதில் கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்திருந்த சிறுவன் இயேசுவின் கதையாகவே நமக்கு இருந்தது. இப்போது அது வாசிக்கப்படும்போது, அவர்கள் தேடித் திரிந்த மூன்று நாள்களையே நெஞ்சம் பற்றிக்கொள்கிறது.

ஆகவே சில நடைமுறைச் செய்திகளைச் சொல்லிவிடுவோம். நுழைந்தவுடன், தவறினால் வந்து நிற்கவேண்டிய ஓர் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். சிறியவர்களின் முன்கையில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். பையில் வைத்த சீட்டு பையோடு போய்விடும். சுழலும் பொறிகளின் அருகே தாவணியும் துப்பட்டாவும் தொங்கலாகா. உயரம் அளக்கும் கம்பத்தின் கீழ் உங்கள் பிள்ளை குதிகாலை உயர்த்தி நின்றால், கண்டும் காணாதவர்போல் இராதீர்கள். தடுப்புக் கம்பி அந்த உயரத்துக்குக் குறைந்த உடலைப் பிடிக்காது. ஆகையால்தான் அக்கம்பம் அங்கே நிற்கிறது. அளவு போதாத பிள்ளையின் அழுகை ஐந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும்.

இன்னொன்று. ஏற மறுத்து அழும் பிள்ளையை, "ஆம்பளைப் பையன் பயப்படலாமா?" என்று ஏளனம் செய்து, தூக்கி அமர்த்திவிட்டுக் கைப்பேசியில் படம் பிடிக்கும் பெற்றோரைக் காண்கிறோம். கட்டணம் கொடுத்தாயிற்று என்பதே காரணம். பிள்ளையின் அச்சத்துக்கு அந்தச் சீட்டின் விலைகூட மதிப்பில்லையா? நாமும் ஒருமுறை அப்படிச் செய்தவர்கள்தாம். அவனுடைய முகம் ஒவ்வொரு சுற்றிலும் நம்மைத் தேடி வந்ததை மறக்கவில்லை.

சென்ற ஆடியில் பொருட்காட்சிக்குச் சென்றபோது தந்தையாரையும் உடன் அழைத்துச் சென்றோம். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். பட்டறையை விட்டு ஆண்டுகள் பல ஆயின. ஒன்பது வயது மகள் தனியே சிறு ராட்டினம் ஒன்றில் ஏறவேண்டும் என்றாள். ஏற்றிவிட்டுக் கீழே நின்றோம். அவளுடைய இருக்கையின் முன்னே ஒரு கம்பி. கம்பியைப் பிடித்திருந்தது ஒரே ஒரு கொக்கி. சுற்றத் தொடங்கியதும் நம் பார்வை அக்கொக்கியில் சென்று மாட்டிக்கொண்டது. அது வருகிறது, போகிறது, மீண்டும் வருகிறது. வேறொன்றும் கண்ணில் படவில்லை.

இறங்கி வந்தவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "நான் எத்தனை தடவை கையாட்டினேன்! நீங்க பாக்கவே இல்ல" என்றாள்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. தம்பியின் செருப்பையும் அவளுடைய செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு தந்தையார் பக்கத்தில் நின்றிருந்தார். அவரை நோக்கித் திரும்பி, முப்பது ஆண்டுகளுக்குப் பின், கேட்டே விட்டோம். "அன்னைக்கு நாங்க கையாட்டினப்ப நீங்களும் பாக்கவே இல்லியேப்பா?"

அவர் சற்று யோசித்தார். பிறகு பெரிய ராட்டினத்தின் நடுப்பாகத்தைச் செருப்புகளோடு சுட்டிக்காட்டினார்.

"அச்சுக்கிட்ட இந்தப் பக்கம் எட்டு போல்ட்டு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ எண்ணிக்குவேன். உங்களப் பாத்தா எண்ணிக்கை விட்டுப்போயிருமே."

மகள் தன் கோபத்தை மறந்துவிட்டாள். "எட்டும் இருந்துச்சா தாத்தா?"

"இருந்துச்சு கண்ணு. இப்பவும் இருக்குது. வந்தவொடனே பாத்துட்டேன். நீ போய் ஏறு."